பல்லேடியம்–தாமிரம்–நிக்கல் நானோதுகள்: இது கலப்புலோகம்தானா? ஹைட்ரஜனேற்றத்தில் ஏன் இவ்வளவு மந்தம்?

நுண்துகள் கேட்டது:

வணக்கம். ஃபீனைல் அசிட்டிலீனில் ஹைட்ரஜனை ஏற்றி, எத்தில் பென்சீன் வரை போகவிடாமல் ஸ்டைரீனோடு நிறுத்துவதற்காக, பல்லேடியம், தாமிரம், நிக்கல் மூன்றும் 2:1:1 மோல் விகிதத்தில் கலந்த நானோதுகள் தயாரிக்கப் பார்க்கிறேன். செய்முறை இது.

பல்லேடியம் அசிட்டைல் அசிட்டோனேட் 30.5 மி.கி. (0.10 மில்லிமோல்), தாமிர உப்பு 13.1 மி.கி., நீரற்ற நிக்கல் உப்பு 12.8 மி.கி. (இரண்டும் 0.05 மில்லிமோல், அதே அசிட்டைல் அசிட்டோனேட் வகை). மூன்றையும் 20 மி.லி. ஓலைல் அமீனில் (நீண்ட சங்கிலி அமீன்; கரைப்பானும் ஒடுக்கியும் அதுவே) போட்டு, 100 °செ-ல் வெற்றிடத்தில் 20 நிமிடம் வைத்து, பிறகு ஆர்கான் சூழலில் நிமிடத்துக்கு 5 °செ வீதம் 230 °செ வரை ஏற்றி ஒரு மணி நேரம் வைத்தேன். எத்தனால் விட்டு வீழ்த்தி, ஹெக்சேன்–எத்தனாலில் மூன்று முறை கழுவி, 190 மி.கி. கார்பன் தூளில் ஏற்றினேன். பல்லேடியம் எடையில் சுமார் 5%.

கிடைத்த அளவீடுகள்: எக்ஸ்ஆர்டி-யில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) முதன்மை முகடு 40.6°, அதன் வலப்பக்கச் சரிவில் 43.5° அருகே ஒரு புடைப்பு. ஐசிபி-யில் (மாதிரியைக் கரைத்து உலோக அளவைக் காணும் தனிம ஆய்வு) பல்லேடியம்:தாமிரம்:நிக்கல் 67:22:11. டெம் (ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் துகள் அளவு சராசரி 7 நானோமீட்டர். முதல் கழுவலில் மேலே நின்ற தெளிவு நீர் லேசான பச்சை.

வினை: ஃபீனைல் அசிட்டிலீன் 1 மில்லிமோல், எத்தனால் 10 மி.லி., வினையூக்கி 10 மி.கி., 25 °செ, ஹைட்ரஜன் பலூன், நிமிடத்துக்கு 400 சுற்றுக் கிளறல். மூன்று மணி நேரத்தில் 35% மாற்றம்தான். கடையில் வாங்கிய 5% பல்லேடியம்/கார்பன் அதே 10 மி.கி. போட்டால் 40 நிமிடத்தில் எல்லாமே எத்தில் பென்சீன் ஆகிவிடுகிறது. என் துகளில் ஸ்டைரீன் தேர்வுத்திறன் (விளைபொருளில் ஸ்டைரீனின் பங்கு) நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஜிசி-யில் (வாயு நிறப்பிரிகை) பொருள் கணக்கு, அதாவது போட்டதில் திரும்பக் காணக்கிடைப்பது, 91%-தான் வருகிறது.

என் கேள்விகள்: இதைக் கலப்புலோகம் என்று சொல்லலாமா? நிக்கலை எப்படி உள்ளே கொண்டுவருவது? வேகம் ஏன் இவ்வளவு குறைவு?

---

படிகக்கோணம் பதில்:

உங்கள் முதல் கேள்விக்கு விடை நீங்கள் தந்த எண்களிலேயே இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றும் முகமைய கனசதுர அமைப்பு. அணிக்கோவை மாறிலி (படிகத்தின் அடிப்படைக் கனசதுரத்தின் பக்க நீளம்) பல்லேடியத்துக்கு 3.89, தாமிரத்துக்கு 3.615, நிக்கலுக்கு 3.524 ஆங்ஸ்ட்ராம். வெகார்டு விதிப்படி (கலவையின் மாறிலி உலோகங்களின் விகிதப்படியான சராசரி) 2:1:1 கலவைக்கு 3.73 வரும். தாமிரக் கதிரில் (1.5406 ஆங்ஸ்ட்ராம்) அதன் 111 முகடு (111 எனப்படும் அணுத் தளங்களிலிருந்து வரும் முதன்மை முகடு) 41.9°-ல் நிற்க வேண்டும். சரி, நிக்கல் முழுதாக வரவில்லை, ஐசிபி சொல்லும் 67:22:11 கலவைதான் உருவானது என்று வைத்துக்கொண்டாலும் மாறிலி 3.79, முகடு 41.2°. உங்களுடையதோ 40.6°. அதற்குரிய மாறிலி 3.846. பல்லேடியத்துக்குள் ஏறக்குறைய 16% தாமிரம் மட்டும் கரைந்திருந்தால் இந்த இடம் வரும். மிச்சத் தாமிரமும் நிக்கலும் 43.5° புடைப்பில் இருக்கின்றன. தூய தாமிரம் 43.3°, தூய நிக்கல் 44.5° என்பதை நினைவில் வையுங்கள். ஆக, உங்களிடம் இருப்பது பல்லேடியம் மிகுந்த உள்பகுதியும், அதன்மேல் அல்லது அதை ஒட்டி வளர்ந்த தாமிர–நிக்கல் பகுதியும். ஒருபடித்தான மூவுலோகக் கலவை இல்லை.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. பொடியைத் தட்டில் நிரப்பும் உயரம் கொஞ்சம் மாறினாலே முகடு 0.1–0.2° நகர்ந்துவிடும். சிலிக்கான் பொடியைச் சிட்டிகை கலந்து அதன் 28.44° முகட்டைக் கொண்டு அளவைத் திருத்துங்கள். கார்பனின் அகன்ற மேடு 25° அருகே வரும். சிலிக்கான் முகடு கூர்மையானது என்பதால் குழப்பம் இல்லை. வெகார்டு விதியும் துல்லியமான நேர்கோடு அல்ல. இருந்தாலும் 0.6° விலகலை இந்த இரண்டையும் காட்டித் தள்ளிவிட முடியாது.

அடுத்தது இன்னும் முக்கியம். துகள் சிறிதானால் எக்ஸ்ஆர்டி-யை மட்டும் நம்பி எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது. துகள் அளவை முகட்டின் அகலத்தோடு இணைக்கும் ஷெரர் சமன்பாட்டில் 7 நானோமீட்டருக்கு முகட்டின் அகலம் 1.2° அளவில் வரும். 4 நானோமீட்டர் என்றால் 2.1°. தூய பல்லேடியத்துக்கும் (40.1°) நீங்கள் தேடும் கலவைக்கும் (41.9°) உள்ள இடைவெளியே 1.8°தான். இரண்டும் கலந்து கிடந்தாலும் ஒரே அகன்ற முகடாகத்தான் தெரியும். "ஒற்றை முகடு, ஆகவே கலப்புலோகம்" என்று எழுதப்படும் பல முடிவுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

ஆகவே தனித்தனித் துகளைப் பார்க்க வேண்டும். ஸ்டெம்–இடிஎஸ் (துகளுக்குள் எந்தத் தனிமம் எங்கே என்று காட்டும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி) வரைபடம் எடுங்கள். எடுக்கும்போது தாமிரக் கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சிறு வலை) மாதிரியைப் போட்டுவிடாதீர்கள். கிரிட்டின் தாமிரம் எல்லாத் துகளிலும் தாமிரம் இருப்பதுபோல் காட்டிவிடும். நிக்கல் கிரிட்டும் உங்களுக்கு ஆகாது. தங்கம் அல்லது மாலிப்டினம் கிரிட் கேளுங்கள். பிறகும் நுண்ணோக்கியின் உள்பாகங்களிலிருந்து கொஞ்சம் தாமிர சமிக்ஞை வரும். துகளே இல்லாத வெற்றுக் கார்பன் பரப்பில் ஓர் அளவீடு எடுத்துக் கழித்துவிடுங்கள். குறைந்தது 20, 30 துகளில் விகிதத்தை எண்ணி அதன் பரவலைத் தாருங்கள். அழகான ஒரு துகளின் வண்ணப் படத்தைவிட அந்தப் பரவல்தான் பேசும்.

எக்ஸ்பிஎஸ் (பரப்பிலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் நிறமாலை) எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல்லேடியத்தின் 3பி முகடு ஆக்சிஜனின் 1எஸ் முகட்டோடு 532 எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஒன்றின்மேல் ஒன்று விழும். ஆக்சிஜன் முகட்டைப் பிரித்து ஆக்சைடு அளவு சொல்லப் போனால் தவறாகும்.

---

உலைவாய் பதில்:

மேலே சொன்னது ஏன் நடந்தது என்பதற்கு ஒடுக்க மின்னழுத்தத்தைப் பார்த்தால் போதும். நீர்க்கரைசலில் பல்லேடியம் அயனிக்கு ஏறக்குறைய +0.95, தாமிரத்துக்கு +0.34, நிக்கலுக்கு −0.26 வோல்ட். ஓலைல் அமீனில் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் வரிசை மாறாது. நிமிடத்துக்கு 5 °செ என்று மெதுவாக ஏற்றும்போது பல்லேடியம் முதலில் கருவாகி வளர்ந்து முடிந்துவிடுகிறது. தாமிரம் அதன்மேல் வந்து படிகிறது, கொஞ்சம் உள்ளே கரைகிறது. ஓலைல் அமீன் மென்மையான ஒடுக்கி. நிக்கலை 230 °செ-ல் அது அரைகுறையாகத்தான் ஒடுக்கும். அந்தப் பச்சை நீர்தான் உங்கள் நிக்கல். பல்லேடியம் முழுதும் துகளில் இருக்கிறது என்று கொண்டால், ஐசிபி விகிதப்படி நிக்கலில் மூன்றில் இரண்டு பங்கும் தாமிரத்தில் மூன்றில் ஒரு பங்கும் கழுவலில் போயிருக்கின்றன.

நிக்கல் உப்பைக் கூட்டிப் போட்டால் விகிதம் சரியாகும் என்று தோன்றும். ஐசிபி எண் சரியாகும், துகள் சரியாகாது. நிக்கல் தனித் துகளாகவோ மேலோடாகவோ சேரும். மூன்றும் ஒரே கணத்தில் ஒடுங்க வேண்டும். அதற்கு வலுவான ஒடுக்கியும் திடீர் உட்செலுத்தலும் தேவை.

போரேன்–மூவிணைய பியூட்டைல் அமீன் இணைவு 200 மி.கி. (சுமார் 2.3 மில்லிமோல்) எடுத்து 15 மி.லி. ஓலைல் அமீனில் கரைத்து, ஆர்கான் ஓட்டத்தில் 100 °செ-க்குக் கொண்டுவாருங்கள். போரேன்–மார்ஃபோலின் இணைவும் வேலை செய்யும். இன்னொரு சிறு குடுவையில் உங்கள் மூன்று உப்பும் 3 மி.லி. ஓலைல் அமீனில், 70 °செ-ல், கட்டியே இல்லாமல் கரைந்திருக்க வேண்டும். நிக்கல் உப்பு கரையத் தயங்கும். அடியில் பச்சைத் துணுக்கு தெரிந்தால் செலுத்தாதீர்கள், இன்னும் அரை மி.லி. அமீன் சேர்த்துக் காத்திருங்கள். ஊசிக் குழலைச் சூடாக வைத்து இரண்டு மூன்று விநாடியில் மொத்தத்தையும் செலுத்துங்கள். உடனே கறுக்கும், நுரைக்கும், ஹைட்ரஜன் கிளம்பும். ஆகவே 18 மி.லி. திரவத்துக்கு 100 மி.லி. குடுவை, திறந்த குமிழி வழி, அருகில் தீப்பொறி இல்லாத புகைக்கூண்டு. மூடிய குடுவையில் ஒருபோதும் செய்யக் கூடாது. 100 °செ-ல் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள்.

கழுவலில் எத்தனாலைத் தாராளமாக விடும் பழக்கம் வேண்டாம். முதல் முறை 40 மி.லி. போதும். இரண்டாம், மூன்றாம் முறை 3–5 மி.லி. ஹெக்சேனில் விரித்து, எத்தனால் சேர்த்து வீழ்த்தி, நிமிடத்துக்கு 8000 சுற்றில் 8 நிமிடம் மையவிலக்குங்கள். எத்தனாலில் ஆர்கானை முன்பே குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். அமீனும் காற்றும் சேர்ந்தால் தாமிரம் நீல அணைவாகக் கரைந்து போகும். கழுவிய நீர் நீலமானால் உங்கள் விகிதம் அப்போதே மாறிவிட்டது.

இப்படிச் செய்தாலும் துகளுக்குள் சமச்சீர் முழுதாக வராது. துகளைக் கார்பன் தாங்கியில் ஏற்றிய பிறகு 5% ஹைட்ரஜன்/ஆர்கானில் 400 °செ, 2 மணி நேரம் வையுங்கள். 400 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. தாமிரமும் நிக்கலும் சமநிலையில் சுமார் 355 °செ-க்குக் கீழே தாமாகவே பிரிய விரும்புபவை. அதற்கு மேலே கலக்கும். பல்லேடியம் இரண்டோடும் ஒத்துப்போகும். 450 °செ தாண்டினால் நிக்கலும் பல்லேடியமும் கார்பன் தாங்கியையே ஹைட்ரஜனோடு சேர்த்து மீத்தேனாக்கத் தொடங்கும், துகள்கள் நகர்ந்து ஒட்டும். பதப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் டெம் அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

துகளின் அளவைக் குறைக்க மூவாக்டைல் பாஸ்பீன் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூட்டில் அது நிக்கலைப் பாஸ்பைடாக்கும். பாஸ்பைடு ஆகாத இடத்திலும் பாஸ்பரஸ் பல்லேடியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்து, ஆறு உலோகம் வரை போக நினைத்தால் இந்த அமீன் வழியே போதாது. 2018-ல் வந்த கார்பன் வெப்ப அதிர்ச்சி முறை, கார்பன் இழைமேல் உப்புகளைப் பூசிச் சுமார் 2000 கெல்வினுக்கு 55 மில்லிவிநாடி மட்டும் ஏற்றி, விநாடிக்கு ஒரு லட்சம் கெல்வின் வேகத்தில் குளிர்வித்து, எட்டு உலோகங்களை ஒரே துகளுக்குள் பூட்டிக் காட்டியது. பிரிய நேரமே கொடுக்காமல் உறையவைப்பதுதான் அங்கே உத்தி. உங்கள் மூன்றுக்கு அவ்வளவு தேவையில்லை.

---

நிக்கல்28 பதில்:

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஒன்றல்ல, நான்கு விஷயம் பின்னிக் கிடக்கிறது.

முதலில் உங்கள் 35%. பொருள் கணக்கில் 9% காணவில்லை. அப்படியானால் ஹைட்ரஜன் ஏறியது 26%-தான், மற்றது வேறு வழியில் போயிருக்கிறது. தாமிரம், அமீன், பலூனில் முழுதாக வெளியேறாத காற்று, முனையில் ஹைட்ரஜன் உள்ள அல்கைன் (முப்பிணைப்புச் சேர்மம், இங்கே ஃபீனைல் அசிட்டிலீன்) என நான்கும் ஒரே குடுவையில் இருந்தால் கிளேசர் இணைப்பு நடக்கும். இரண்டு ஃபீனைல் அசிட்டிலீன் சேர்ந்து டைஃபீனைல் பியூட்டாடையைன் ஆகும். அது கனமான மூலக்கூறு. உங்கள் ஜிசி அடுப்பு 200 °செ-ல் நின்றால் எளிதில் வெளியே வராது. 280 °செ வரை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வடிகட்டிய வினையூக்கியில் பளிச்சென்ற மஞ்சள் தெரிந்தால் அது தாமிர ஃபீனைல் அசிட்டிலைடு. தாமிரம் கரைந்து வெளியே வந்ததற்கு அதுவே சாட்சி. அப்படித் தெரிந்தால் உலரவிட்டுச் சுரண்டாதீர்கள், ஈரமாகவே கையாளுங்கள். தாமிர அசிட்டிலைடு வகைகள் உலர்ந்தால் வெடிக்கும் இயல்புள்ளவை. ஃபீனைல் வகை ஓரளவு சாந்தமானது என்றாலும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது வேக ஒப்பீடு. 25 °செ, 1 பார் அழுத்தத்தில் எத்தனாலில் ஹைட்ரஜன் லிட்டருக்கு 3.5 மில்லிமோல் அளவே கரையும். உங்கள் 10 மி.லி.-ல் 0.035 மில்லிமோல். ஸ்டைரீன் ஆக்கவே 1 மில்லிமோல் வேண்டும். அதாவது 96%-க்கு மேல் ஹைட்ரஜன் வினை நடக்க நடக்கத்தான் வாயுவிலிருந்து திரவத்துக்குள் இறங்க வேண்டும். கடைச் சரக்கு 40 நிமிடத்தில் 2 மில்லிமோல் குடித்தது: நிமிடத்துக்கு 0.05. 400 சுற்றுக் கிளறலில் உங்கள் குடுவை தரக்கூடிய உச்சமே இதுவாக இருக்கலாம். வினையூக்கியைப் பாதியாக்கி 5 மி.கி. போடுங்கள். வேகம் பாதியாகாவிட்டால் நீங்கள் அளந்தது கிளறும் காந்தத்தின் வேகம், பல்லேடியத்தின் வேகம் அல்ல. உங்கள் கலவையோ நிமிடத்துக்கு 0.0015 அளவில் நிற்கிறது. ஆகவே அதன் மந்தத்துக்கு வாயுப் பரிமாற்றம் காரணமில்லை. இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் நீங்கள் பார்த்ததைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம்.

ஒப்பிடும் முறையை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல், வினையூக்கி குறைவாக, மாற்றம் 20% தாண்டாத தொடக்க வேகம் மட்டும். கிளறலை 600, 900, 1200 என்று மாற்றியும் எண் மாறாமல் நிற்க வேண்டும். நுண்துளைக்குள் பரவல் தடையைத் தேட மேடன்–பௌடார்ட் சோதனை உண்டு. பல்லேடியம் அளவு வேறான இரண்டு மாதிரி, பரப்பில் இருக்கும் அணுக்களின் பங்கு ஒன்றே. ஒரு பரப்பணுவுக்கான வேகம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் தப்பித்தீர்கள்.

மூன்றாவது, மந்தத்துக்கு நான் முதலில் சந்தேகிப்பது ஓலைல் அமீனை. அது பல்லேடியத்தின் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று கழுவல் அதை அகற்றாது. தாங்கியில் ஏற்றாத கொஞ்சம் துகளை உலர்த்தி அகச்சிவப்பில் பாருங்கள். 2920, 2850 செ.மீ.⁻¹ முகடுகள் நின்றால் அமீன் நிற்கிறது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. லிண்ட்லார் வினையூக்கியில் (அல்கைனைப் பாதியில் நிறுத்தப் பயன்படும் பல்லேடிய வினையூக்கி) ஈயத்தோடு கூடக் குயினோலின் என்ற அமீனைச் சேர்ப்பதே தேர்வுத்திறனுக்காக. ஆகவே உங்கள் ஸ்டைரீன் தேர்வுத்திறன் கலப்புலோகத்தால் வந்ததா, ஒட்டிக்கொண்டிருக்கும் அமீனால் வந்ததா என்று இப்போதைக்குச் சொல்லவே முடியாது. 26%-ல் தேர்வுத்திறன் எந்தப் பல்லேடியத்திலும் நன்றாகத்தான் இருக்கும். அல்கைன் அல்கீனைவிட (இரட்டைப் பிணைப்புச் சேர்மம், இங்கே ஸ்டைரீன்) வலுவாக ஒட்டும். அல்கைன் தீரும்வரை ஸ்டைரீனுக்குப் பரப்பில் இடம் கிடைக்காது. உண்மைச் சோதனை 95%-க்கு மேலே, அல்கைன் தீர்ந்த பிறகு ஸ்டைரீன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுத்து 0.2 மைக்ரோமீட்டர் வடியில் வடித்து, டோடெக்கேனை உள் ஒப்பீடாக வைத்து, மாற்றத்துக்கு எதிராகத் தேர்வுத்திறனை வரையுங்கள். வேறுவேறு மாற்றத்தில் எடுத்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பேசுவதில் பொருளே இல்லை.

ஆகவே ஒப்பீட்டுக்குக் கடைச் சரக்கு போதாது. அதே போரேன் வழியில், அதே ஓலைல் அமீனில், அதே கழுவல், அதே சூட்டில் தயாரித்த தனிப் பல்லேடியம் வேண்டும். பல்லேடியம்–தாமிரம் இரட்டையும் வேண்டும். மூன்று உலோகத்தையும் தனித்தனியே செய்து தாங்கியில் கலந்த வெறும் கலவையும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் நிக்கல் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடையே கிடையாது. இரட்டையே போதும் என்று தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் நிக்கலை விட்டுவிடுவதுதான் நேர்மை.

நான்காவது, கலவை உருவானதா என்பதை ஹைட்ரஜனிடமே கேட்கலாம். தூய பல்லேடியம் அறை வெப்பத்தில் ஹைட்ரஜனை விழுங்கிப் பீட்டா ஹைட்ரைடு ஆகும். சூடேற்ற ஒடுக்க ஆய்வில் 10% ஹைட்ரஜன்/ஆர்கானை 30 °செ-லிருந்து ஏற்றிக்கொண்டே போனால் 60–80 °செ அருகே ஹைட்ரஜன் வெளியேறும் தலைகீழ் முகடு வரும். தாமிரமும் நிக்கலும் பல்லேடியத்துக்குள் உண்மையிலேயே கரைந்திருந்தால் அணிக்கோவை சுருங்கி ஹைட்ரைடு உருவாவது தடைப்படும், அந்தத் தலைகீழ் முகடு குறையும் அல்லது மறையும். தனித்தனியாகக் கிடந்தால் முகடு அப்படியே நிற்கும். ஒரு பிற்பகலில் முடியும் சோதனை. இதற்கு வேதியியல் பொருளும் உண்டு: உள்ளே ஒளிந்த ஹைட்ரஜன்தான் அல்கைனை நேரே அல்கேன்வரை (இங்கே எத்தில் பென்சீன்) தள்ளுகிறது. ஹைட்ரைடைத் தடுப்பதே கலப்புலோகத்தின் பயன்களில் பெரியது.

---

நுண்துகள்:

மிக்க நன்றி. அமீனை எடுக்க அசிட்டிக் அமிலத்தில் 70 °செ-ல் இரவு முழுதும் வைக்கும் முறை பிளாட்டினத் துகள்களுக்குச் சொல்லப்படுகிறது. இதற்கும் செய்யலாமா? வேகத்தை விரைவாகச் சரிபார்க்க 4-நைட்ரோஃபீனால்–சோடியம் போரோஹைட்ரைடு சோதனையை வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன்.

---

உலைவாய் பதில்:

அசிட்டிக் அமிலம் வேண்டாம். பிளாட்டினத்துக்கு அது பொருந்தும். உங்கள் துகளில் பரப்பிலுள்ள நிக்கலையும், காற்று இருந்தால் தாமிரத்தையும் அமிலம் உரித்துக்கொண்டு போகும். வெளியே பல்லேடியத் தோல், உள்ளே கலவை என்று ஆகிவிடும். என்-பியூட்டைல் அமீனில் விரித்து மூன்று நாள் கிளறி, பிறகு மெத்தனாலில் கழுவும் மாற்று மென்மையானது. நீண்ட சங்கிலி போய்க் குட்டைச் சங்கிலி வரும், அது வெப்பத்தில் எளிதாகக் கழலும். இங்கேயும் ஆர்கான் சூழல் கட்டாயம்.

இன்னொன்று, காற்றில் 185 °செ, 5 மணி நேரம். கார்பன் தாங்கியில் செய்தால் கரைப்பான் துளியும் இல்லாமல் முன்பே உலர்ந்திருக்க வேண்டும், அடுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும், அளவு 100 மி.கி. தாண்டக் கூடாது. பல்லேடியம் கார்பனையே பற்றவைக்கக் கூடியது. காற்றில் சூடாகும்போது நிக்கலும் தாமிரமும் ஆக்சைடாகிப் பரப்புக்கு வந்துவிடும் என்பதால், அதன்பின் ஹைட்ரஜனில் 400 °செ பதப்படுத்தலை மறக்காமல் செய்யுங்கள். வரிசை முக்கியம்: காற்று முதலில், ஹைட்ரஜன் பிறகு.

---

நிக்கல்28 பதில்:

4-நைட்ரோஃபீனால் சோதனை வசதியானது, அதில் மறுப்பில்லை. 400 நானோமீட்டர் மஞ்சள் மறையும், 300-ல் அமினோஃபீனால் ஏறும், குவெட்டியில் பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் அது உங்கள் வினை அல்ல. அங்கே ஹைட்ரஜனைத் தருவது போரோஹைட்ரைடு. அது வலுவான ஒடுக்கி என்பதால் ஆக்சைடாகிக் கிடந்த நிக்கலையும் தாமிரத்தையும் குவெட்டிக்குள்ளேயே மீண்டும் உலோகமாக்கிவிடும், துகளின் பரப்பே மாறிவிடும். தொடக்கத்தில் சில நிமிடம் ஒன்றும் நடக்காமல் நிற்பதும் கரைந்த ஆக்சிஜனாலோ இந்த மாற்றத்தாலோதான். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் தரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஃபீனைல் அசிட்டிலீனில் எது வேகம் என்பதை அதிலிருந்து ஊகிக்க வேண்டாம்.

பரப்பு மாறும் இந்த விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தச் சிக்கலின் மையம் இதுதான். கலப்புலோகத் துகளின் பரப்பு நிலையானது அல்ல. ஆக்சிஜனில் நிக்கலும் தாமிரமும் மேலே வரும். ஹைட்ரஜனில் சூடாக்கினால் பல்லேடியம் மேலே வரும், நிக்கலைவிட அதன் பரப்பாற்றல் குறைவு. கார்பன் மோனாக்சைடும் பல்லேடியத்தை இழுக்கும். 2008-லேயே ரோடியம்–பல்லேடியம் துகளில் வாயுவை மாற்ற மாற்ற உள்–வெளி அமைப்பு புரள்வதை எக்ஸ்-கதிரில் நேரடியாகக் காட்டினார்கள். ஆகவே காற்றில் ஒரு வாரம் வைத்த துகளின் எக்ஸ்பிஎஸ், வினை நடக்கும்போது இருக்கும் பரப்பைச் சொல்லாது.

பரப்பைப் பார்க்க நல்ல வழி கார்பன் மோனாக்சைடு ஒட்டவிட்டு எடுக்கும் அகச்சிவப்பு. கறுப்புக் கார்பன் ஒளியை விழுங்கிவிடும் என்பதால் இதற்கென்று ஒரு தொகுதியைக் காமா அலுமினாவில் ஏற்றுங்கள். ஹைட்ரஜனில் 250 °செ-ல் அங்கேயே ஒடுக்கி, ஆர்கானில் கழுவி, 30 °செ-ல் கார்பன் மோனாக்சைடு விடுங்கள். தொடர்ச்சியான பல்லேடியப் பரப்பு இருந்தால் 1900–1980 செ.மீ.⁻¹ வட்டாரத்தில் பாலப் பிணைப்புப் பட்டை பெரிதாக வரும். பல்லேடிய அணுக்கள் தாமிரத்தாலும் நிக்கலாலும் பிரிக்கப்பட்டிருந்தால் அது சுருங்கி, 2050–2090 அருகே ஒற்றை அணுமேல் நேராக நிற்கும் பட்டை மேலோங்கும். ஒட்டுமொத்த ஐசிபி விகிதம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு மாதிரிகள் இதில் முற்றிலும் வேறாகத் தெரியும்.

பரப்பு அணுக்களை எண்ண ஹைட்ரஜன் ஒட்டலைப் பயன்படுத்தினால் அறை வெப்பத்தில் செய்யாதீர்கள், ஹைட்ரைடும் சேர்ந்து எண்ணிக்கை ஊதிவிடும். 100 °செ-ல், குறைந்த அழுத்தத்தில் அளவிடுங்கள். தனிப் பல்லேடியத்துக்கு ஒரு மதிப்பீடாக 1.1-ஐ நானோமீட்டர் அளவால் வகுத்தால் பரப்பிலுள்ள பங்கு வரும். 7 நானோமீட்டருக்கு 16% அளவு.

வினை முடிந்ததும் உடனே வடித்து, வடிநீரில் புது அல்கைனும் ஹைட்ரஜனும் விட்டு வினை தொடர்கிறதா என்று பாருங்கள். தொடரவில்லை என்பதால் மட்டும் கசிவே இல்லை என்று எழுதாதீர்கள். பல்லேடியம் கரைந்து மறுபடி தாங்கியிலேயே படியக்கூடும். வடிநீரையும், பயன்படுத்திய திண்மத்தையும் ஐசிபி-க்கு அனுப்பி மூன்று உலோகத்தின் கணக்கும் நேராகிறதா என்று பாருங்கள். நைட்ரோ சேர்மங்களுக்கு இந்த வினையூக்கியைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், விளையும் அமீனே தாமிரத்தையும் நிக்கலையும் இழுக்கும். அங்கே இந்தக் கணக்கு இன்னும் அவசியம்.

---

படிகக்கோணம் பதில்:

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. வினை முடிந்து குடுவையைத் திறப்பதற்கு முன் அதை வெற்றிடம்–நைட்ரஜன் என்று மூன்று முறை மாற்றுங்கள். தொடங்கும்போதும் அதே மூன்று முறை செய்தால் கிளேசர் இணைப்புக்குத் தீனியான காற்றும் போய்விடும். வடிகட்டும்போது வினையூக்கிப் படலத்தை உலர உறிஞ்சவிடாதீர்கள். ஹைட்ரஜன் ஏறிய பல்லேடியம் காற்றும் எத்தனால் ஆவியும் சேர்ந்த இடத்தில் செந்தணலாகிப் பற்றும். திரவம் வற்றுவதற்குள் நீர் ஊற்றி, ஈரமாகவே பாட்டிலுக்கு மாற்றுங்கள். 400 °செ-ல் ஒடுக்கிய மாதிரியை உலையிலிருந்து நேரே வெளியே எடுக்கக் கூடாது. அறை வெப்பம் வந்த பிறகு 1% ஆக்சிஜன்/நைட்ரஜனை ஒரு மணி நேரம் ஓட்டிப் பரப்பை அடக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். நிக்கல் உப்புத் தூசு புற்றுநோய் வகை. எடை போடுவதையும் புகைக்கூண்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் தொகுதியின் எக்ஸ்ஆர்டி வந்ததும், சிலிக்கான் திருத்தத்தோடு 111 முகட்டின் இடத்தையும் சூடேற்ற ஒடுக்க வளைவையும் இங்கே போடுங்கள். 41.9° பக்கம் நகர்ந்திருந்து தலைகீழ் முகடும் மறைந்திருந்தால், அதன்பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம்.